மழையை மைக்கில் அழைத்தவள்

என் இரண்டு உள்ளங்கைகளும் ரோஸ் நிறமாக இருந்தன. மருதாணி இல்லை. அச்சகத்து ரோஸ் காகிதம் மழையில் கரைந்து விட்ட சாயம். அந்தக் கைகளால் ஈர மல்லாட்டையை (மற்ற ஊர்களில் வேர்க்கடலை) வாரி வாரிக் கோணியில் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே சேற்றில் மண்டியிட்டு, பட்டுப் புடவையோடு வாரிக்கொண்டிருந்தவள், அன்று காலையில்தான் கழுத்தில் தாலி ஏறிய மணப்பெண்.

தலைக்கு மேலே இடி. பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்:

"இன்னொரு பாட்டு பாடேன் வசந்தா! ஆலங்கட்டியும் வந்துடட்டும்!"

களம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. அந்த மழையை மைக்கில் கூவி அழைத்தவள் நான்தான்.

போன வாரம் இதே பக்கத்தில், விடுதிச் சமையலறைச் சுவரில் கரிக்கட்டியால் கவிதை எழுதி மாட்டிக்கொண்டதைச் சொன்னேன். சுவரைக் கழுவிய கையோடு நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. அதற்கடுத்த ஆண்டோ, அதற்கும் அடுத்ததோ, ஒரு வைகாசியில் சுவருக்குப் பதில் எனக்கு மைக் கிடைத்தது.

கோணல் வகிடு

மரகதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் பெண்கள் விடுதியில் என் பாய்க்குப் பக்கத்துப் பாய் அவளுடையது. அவளுக்குச் செஞ்சிப் பக்கம் வல்லத்தை ஒட்டி ஒரு சின்ன ஊர். கணக்கில் புலி. தலை வாரிக்கொள்வதில் மட்டும் பூனைக்குட்டி.

அவளுடைய வகிடு நேராக வந்து நான் பார்த்ததே இல்லை. நெற்றியில் நடுவே புறப்பட்டு, உச்சிக்குப் போவதற்குள் இடது பக்கம் சாய்ந்துவிடும். வண்டிப்பாதை மாதிரி. விடுதி அம்மா சீப்பைப் பிடுங்கித் தானே வாரிவிடுவார். அவர் தலை மறைந்ததும் மரகதம் கலைத்துவிட்டு மறுபடியும் கோணலாகவே எடுத்துக்கொள்வாள்.

"ஏண்டி, கண்ணு தெரியலியா உனுக்கு?"

"தெரியுது. எனுக்கு இப்டித்தான் வேணும்."

காரணம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவளுடைய அம்மா இறந்தபோது மரகதத்துக்குப் பத்து வயதுகூட இல்லை. அம்மா அவளுக்குத் தலை வாரக் கற்றுக்கொடுத்தது அந்தக் கோணல் வகிட்டைத்தான். அம்மாவின் வகிடே அப்படித்தானாம்.

இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. குழாயடியில் என் பாவாடையையும் சேர்த்துத் துவைத்துப் போட்டாள். துக்கம் வந்தால் துணி துவைப்பது அவள் வழக்கம். எனக்கு அது புதிதாக இருந்தது. எனக்குத் துக்கம் வந்தால் பசிக்கும், அவ்வளவுதான்.

நான்கு பாட்டு, ஒரு தாமரை

மரகதத்துக்குக் கல்யாணம் என்று சேதி வந்ததும் எங்கள் வீட்டில் நான் போட்ட ஆட்டத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டில் எனக்குத்தான் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி இல்லாமல்கூடக் கல்யாணம் நடக்கலாம், வாழ்த்துப்பா இல்லாமல் நடக்காது என்கிற அளவுக்கு அந்தப் பித்து முற்றியிருந்தது. மாப்பிள்ளையின் நண்பர்கள் வண்ணக் காகிதத்தில் அச்சடித்து, மைக்கில் வாசித்து, பந்தலில் எல்லோருக்கும் கொடுப்பார்கள். வீட்டுக்கு வீடு கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். எழுதுவதும் வாசிப்பதும் எப்போதும் ஆண்பிள்ளைகள். பெண்ணின் தோழி ஏன் எழுதக் கூடாது? அந்தக் கேள்வி எனக்கு வந்தது காலை காப்பியின்போது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் கவிதை தயார்.

நான்கு பாட்டுகள். வாழ்வு, காதல், துயர், இயற்கை என்று தலைப்புகள். அந்த நான்கில் எதைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது ஒரு தடையாகத் தோன்றவில்லை. வாழ்வை ஓடம் என்றேன். நான் ஓடத்தில் ஏறியதில்லை. காதலை இரு நதிகளின் சங்கமம் என்றேன். நான் பார்த்திருந்த ஒரே சங்கமம் விழுப்புரம் ஜங்ஷன். பாண்டிச்சேரி வண்டியும் திருச்சி வண்டியும் வந்து நிற்க, ஜனங்கள் மூட்டையோடு ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு ஓடுவார்கள். அதைப் போய்க் காதல் என்று எழுத முடியுமா? (இப்போது யோசித்தால், எழுதியிருக்கலாம்.)

துயரைப் பற்றிய பாட்டு மட்டும் வேறு மாதிரி வந்தது. அதில் உவமையே விழவில்லை. மரகதத்தின் அம்மாவை நினைத்து எழுதினேன். எழுதி முடித்ததும், வழக்கம்போல, பசித்தது.

அச்சகத்து முதலாளி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னாம்மா இது, கல்யாண வாழ்த்துல துக்கத்தை வெச்சிக்கினு? நாலு பேரு படிக்கிற எடம். எடுத்துடு."

"அது அவங்க அம்மாவைப் பத்திங்க."

"அதுக்குத்தான் சொல்றேன். மத்த மூணும் ஜோரா இருக்குது. அதுலயும் மழையைக் கூப்ட்ட பாரு, அதான் மங்களம். அதைக் கடைசில பெரிய எழுத்துல போட்டுடறேன்."

எடுத்துவிட்டேன். காலியான இடத்தில் அவர் ஒரு தாமரைப் படத்தை வைத்து அச்சடித்தார். ஆபத்தான பாட்டை நீக்கியாகிவிட்டது, இனி பயமில்லை என்று ரோஸ் காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பாதிப் பந்தல் கைதட்டியது

மரகதத்தின் அப்பா ஏழுமலை மாமாவுக்கு அந்தக் கல்யாணத்தில் ஒரே ஒரு கவலை. அது கல்யாணத்தைப் பற்றியது அல்ல.

பந்தல் அவர் வீட்டு வாசலில். வீட்டுக்குப் பின்னால் களத்தில் அந்தப் பருவத்து மல்லாட்டை முழுவதும் காய்ந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார். மல்லாட்டைக்கு நாள் குறித்தது மண். முற்றிய காயைப் பிடுங்காமல் விட்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அதனால் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஊரே சேர்ந்து பிடுங்கி, செடியிலிருந்து காயை ஆய்ந்து, களத்தில் பரப்பியிருந்தார்கள். இன்னும் இரண்டொரு வெயில் போதும். இடையில் நனைந்தால் கறுத்துப்போகும், பூஞ்சை பிடிக்கும். அந்த வீட்டின் வருஷம் முழுக்க அந்தக் களத்தில்தான் கிடந்தது. மேளம் வாசிக்கும்போதுகூட மாமாவின் கண் கொல்லைப் பக்கமே இருந்தது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நான் டவுனில் வளர்ந்த பெண். எங்களுக்கு மல்லாட்டை காகிதப் பொட்டலத்தில் விளைவது.

தாலி கட்டியதும் வாழ்த்துரைகள் தொடங்கின. ஒவ்வொருவரும் "ஒரே ஒரு வார்த்தை" என்று ஆரம்பித்து உலகம் தோன்றிய கதைக்குப் போனார்கள். நடுவில் பந்தி போட்டார்கள். பேச்சு நிற்கவில்லை. பாயசம் வரும்போது என் முறை வந்தது. மைக் செட்டு கோட்டக்குப்பத்து காசிம் பாயுடையது. மைக்கை என் உயரத்துக்குத் தாழ்த்தி, "பயப்படாத பாப்பா, இது கடிக்காது" என்றார்.

வாழ்வு போனது. காதல் போனது. கீற்றுப் பந்தலில் காற்றே இல்லை. எல்லோரும் துண்டாலும் என் ரோஸ் காகிதத்தாலும் விசிறிக்கொண்டிருந்தார்கள். இந்த வெக்கையில் இதைவிடப் பொருத்தமான பாட்டு வேறெது என்று எனக்கே உடம்பு சிலிர்த்தது. குரலை உயர்த்தினேன்:

வானமே, வாசல் தெளிக்க வா!
வறண்ட வைகாசி நனைய வா!
இடியே, மேளம் கொட்டி வா!
இன்று மரகதம் மணப்பெண்;
மழையே, சீரோடு வா!

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. பெண் வீட்டுப் பக்கம் ஒருவரும் அசையவில்லை. பாயச டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

மாப்பிள்ளை தனபால் வளவனூர்ப் பக்கம். கரும்புக்காரர்கள். அவர்களுக்கு மழை என்றால் குறையில்லாத வாழ்த்து. பெண் வீடு மல்லாட்டை. பந்தலின் நடுவே ஒரு கோடு கிழித்த மாதிரி இந்தப் பக்கம் ஆரவாரம், அந்தப் பக்கம் மயான அமைதி.

மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னாய்யா இது? பொண்ணு அருமையா மழையக் கூப்புடுது, நீங்க மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீறீங்க? எங்க புள்ளைக்கு வாழ்த்து சொன்னா உங்களுக்கு ஆவாதா?"

"வாழ்த்தா?" என்றது ஒரு பெண் வீட்டுக் குரல். "களத்துல மல்லாட்டை கெடக்குது, இது இடியைக் கூப்புட்டுக்கினு இருக்குது! யாரு ஊட்டுப் பொண்ணு இது?"

ஏழுமலை மாமா எழுந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். வெளியே போய் நெற்றியில் கை வைத்து வானத்தை அண்ணாந்து பார்த்தார். வானம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மேகமில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தார். எனக்கு உயிர் வந்தது.

பிறகு பேச வந்தவர் ஒருவர் "ஒரே ஒரு வார்த்தை" என்றார். அந்த வார்த்தை நீண்டுகொண்டிருக்கும்போதே, செஞ்சி மலைப் பக்கமிருந்து பந்தலுக்குள் ஒரு குளிர்ந்த காற்று வந்தது. மண்வாசனை. ஜனங்கள் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவிழ்க்கக் கூடாத முடிச்சு

முதல் துளி விழுந்தபோது நான் மைக்குக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். காசிம் பாய் பெட்டிமேல் கோணியைப் போர்த்திக்கொண்டே சொன்னார்: "பாப்பா, நீ கூப்ட்ட, நீயே இன்னா பண்றதுன்னு சொல்லு. ஜல்தி! செட்டை அணைக்கப் போறேன்."

மைக்கைப் பிடித்துக் கத்தினேன்: "எல்லாரும் களத்துக்கு வாங்க! மல்லாட்டை நனையுது!"

நான் எழுதியதிலும் சொன்னதிலும், கேட்டவர்கள் அத்தனை பேரும் மறு பேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரே வரி அதுதான்.

இலையை மடிக்காமல் எழுந்தார்கள். ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். வாழ்த்துரை சொல்ல வந்தவர் தன் சால்வையோடு ஓடினார். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை உத்தரத்தில் செருகிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். என் ரோஸ் காகிதங்கள் பிள்ளைகள் தலையில் தொப்பியாகப் போயின. அந்தத் தொப்பிகள் கரைந்துதான் கன்னமெல்லாம், மல்லாட்டையெல்லாம், என் கையெல்லாம் ரோஸ்.

மணமேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் எழுந்து தவித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய முந்தானையையும் அவனுடைய பட்டுத் துண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது. சடங்கு முடிவதற்கு முன் அதை அவிழ்க்கக் கூடாது.

"நீ இருடி! உக்காரு!" என்று அத்தைகள் அதட்டினார்கள்.

"எங்கப்பா மல்லாட்டை அத்தே!" என்றாள் மரகதம். மாப்பிள்ளையின் முகத்தைக்கூட அதுவரை நிமிர்ந்து பார்த்திராதவள், முதன்முதலாக அவனிடம் பேசினாள்: "ஓட முடியுமா உங்களால?"

தனபால் ஒரு கணம் முடிச்சைப் பார்த்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். "நீ முன்னால போ. நான் பின்னால புடிச்சி இழுக்கமாட்டேன்."

இரண்டு பேரும் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! ஒருவர் வேகத்துக்கு இன்னொருவர் குறைத்து, கூட்டி, வாசற்படியில் ஒருமுறை இழுபட்டு, பிறகு சரியாகி, சேற்றில் மாலையோடு. களத்துக்குப் போனதும் அவன்தான் கண்டுபிடித்தான். முடிச்சின் இரண்டு பக்கத் துணியையும் விரித்துப் பிடித்தால் நடுவில் ஒரு தொட்டில். அதில் வாரிப் போட்டு இருவருமாகத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடினார்கள். கொட்டிவிட்டு மறுபடி வந்தார்கள். அங்கே கூடை கிடைக்காதவர்கள் கையால் அள்ளிக்கொண்டிருக்க, அவர்களுடைய முடிச்சு மட்டும் ஓயாமல் வேலை செய்தது.

இரு நதிகளின் சங்கமம் என்று எழுதியிருந்தேனே. தொப்பியாகித் தரையில் கிடந்த அந்த வரியை மிதித்துக்கொண்டுதான் அவர்கள் ஓடினார்கள்.

கரும்புக்காரச் சித்தப்பா தலையில் ஒரு மூட்டையோடு என்னைக் கடந்து போனார். "எங்க ஊருக்கும் வந்து ஒரு தபா படிம்மா! ஆனா ஆலைக்குக் கரும்பு வெட்டி முடிஞ்சப்புறம் வா!"

மாட்டுக் கொட்டகையில்

மழை கொட்டித் தீர்த்தது. அதற்குள் களம் முக்கால்வாசி காலி. மீதியை ஜமக்காளம் காப்பாற்றியது. ஓரத்தில் கொஞ்சம் நனைந்தது, அதைத் தனியாகக் குவித்தார்கள். மாட்டுக் கொட்டகையில் மல்லாட்டை ஒரு குன்று மாதிரி. அதைச் சுற்றி நனைந்த பட்டுப் புடவைகளும் வேட்டிகளும். எந்தப் பக்கம் பெண் வீடு, எந்தப் பக்கம் மாப்பிள்ளை வீடு என்று பிரிக்க முடியாதபடி குந்தியிருந்தார்கள். ஈர மல்லாட்டை வாசனை, சாண வாசனை, மல்லிகை வாசனை மூன்றும் ஒன்றாக.

ஏழுமலை மாமா குவியலுக்குள் கையை முழங்கை வரை விட்டுப் பார்த்தார். உள்ளே காய்ந்திருந்தது. மெல்ல எடுத்தார். அவர் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது.

நான் அவர் முன்னால் போய் நின்றேன். "மாமா, எனக்குத் தெரியாது மாமா. மழை நல்லதுன்னுதான்..."

"நல்லதுதாம்மா. யாரு இல்லன்னது?" தாடையில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "நாளு பாத்துக் கூப்புடணும்."

அவ்வளவுதான். கொட்டகையே சிரித்தது. நான்தான் சட்டென்று அழுதுவிட்டேன்.

மரகதம் குவியல்மேல் உட்கார்ந்திருந்தாள். அலங்காரமெல்லாம் கலைந்துவிட்டது. காலையில் அத்தைகள் நூல் பிடித்த மாதிரி நேராக எடுத்திருந்த வகிடு இப்போது இல்லை. ஈரத் தலையை விரலால் கோதி, தானே வகிடெடுத்தாள். நடுவில் புறப்பட்டது, இடது பக்கம் சாய்ந்தது.

என்னைப் பார்த்து, "நாலு பாட்டுன்னு கடுதாசில எழுதி இருந்தியே? மூணுதானே படிச்ச? நடுவுல தாமரையப் போட்டு ஏமாத்திட்ட" என்றாள்.

"அது... வேணான்னுட்டாங்க."

"எனுக்கு வேணும். சொல்லு."

மைக் இல்லை. கூரையில் மழைச் சத்தம். மெதுவாகத்தான் சொன்னேன்:

பூ முடிக்க ஒரு கை இல்லை இன்று;
பொட்டைச் சரிசெய்ய ஒரு கை இல்லை.
கண்ணாடியில் உன்னைப் பார், தோழி:
வகிடெடுக்கும் உன் விரலில்
வந்திருக்கிறாள் அவள்.

யாரும் கைதட்டவில்லை. இந்த முறை இரண்டு பக்கமும். ஏழுமலை மாமா மகளின் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு யாரிடமும் இல்லாமல் சொன்னார்:

"அவளும் கோணலாத்தான் எடுப்பா. சொன்னா கேக்கமாட்டா."

மரகதம் அப்போதுதான் அழுதாள். துவைக்கத் துணி எதுவும் கையில் இல்லாததால் இருக்கும். தனபால் என்ன செய்வது என்று தெரியாமல், முடிச்சிலிருந்து தன் பக்கத்துத் துண்டை எட்டும் வரை இழுத்து அவளிடம் நீட்டினான். அது முழுக்க மல்லாட்டை மண். அவள் துடைத்துக்கொண்டதும் முகமெல்லாம் சேறு. அழுதுகொண்டே சிரித்தாள். கொட்டகையே சிரித்தது. மாடுகூடக் கத்தியது.

ஆடி

கதை அங்கே முடிந்திருந்தால் நான் வாழ்த்துப்பா எழுதுவதை விட்டிருப்பேன்.

அந்த ஆண்டு ஆடி பிறந்தும் மழை இல்லை. மானாவாரிக் கொல்லைகள் உழுது போட்டபடி புழுதியாகக் கிடந்தன. ஒரு சந்தை நாளில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றவர் ஏழுமலை மாமா. கையில் ஒரு துணி முடிப்பு. என் அப்பா உள்ளே கூப்பிட்டார், மாமா வரவில்லை.

"வசந்தாவைக் கூப்புடுங்க. ஒரு வேலை இருக்குது."

முடிப்பை என்னிடம் கொடுத்தார். மல்லாட்டை. சில காய்களின் ஓட்டில் இன்னும் ரோஸ் திட்டு. "விதைக்குப் பொறுக்கும்போது கெடச்சுது. உன் சாயம் புடிச்சதை உனக்கே எடுத்துக்கினு வந்தேன். மரகதம் வந்து போய்க்கினு இருக்குது. நல்லா இருக்குது." தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். "அந்தப் பாட்டு இருக்குதில்ல?"

"எந்தப் பாட்டு மாமா?"

"அதான்... கூப்புடற பாட்டு." குரலைத் தாழ்த்தினார். "ஒரு தபா படிச்சிடேன். வெதைக்கணும்."

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. நான் செருப்புப் போடாத காலோடு தெருவில் இறங்கினேன். ஆடிக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. வானத்தைப் பார்த்து, வாய் நிறையத் தொடங்கினேன்: "வானமே, வாசல் தெளிக்க வா..."

"இரு, இரு," என்றார் மாமா அவசரமாக. "அந்த இடி வர்ற எடத்தை வுட்டுடும்மா. சன்னமாப் பேஞ்சாப் போதும்."

விட்டுவிட்டுப் படித்தேன். போகிறவர் வருகிறவர் நின்று பார்த்தார்கள். மாமா தலையைத் துண்டால் மூடிக்கொண்டு, மழையில் நிற்பவர் மாதிரியே நின்று, கடைசி வரி வரை கேட்டார்.